பட்டா ஒன் பேருல, மண்ணு கம்மாயில

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. வெயில்ல நின்னு ஆகாசத்த அண்ணாந்து பாத்தா கழுத்துதான் வலிக்கும். நேத்து டீக்கடையில ஒன் பிரசங்கம் பலமா இருந்துச்சாம்ல? "வானம் பாத்த பூமிய வானமே கைவிட்டுருச்சு"ன்னு சொன்னயாம். வசனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐப்பசியில ஒரு சாயங்காலம் 2 அங்குலம் கொட்டித் தீத்துச்சே, அது எந்த ஊருல பெஞ்ச மழை? நம்ம எல்லைக்குள்ளதான் பெஞ்சுது. ஒன் புஞ்சைக்கு மேல பெய்யக் கூடாதுன்னு வருணனுக்கு யாரும் ஸ்டே ஆர்டர் வாங்குனதா எனக்குத் தகவல் இல்ல.

கணக்குப் போடுவமா? நீ பி.காம். படிச்சவன், தப்பிருந்தாத் திருத்து. ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 4,000 லிட்டர். 1 அங்குலம்னா 1 லட்சம் லிட்டருக்குச் சித்த மேல. ஒன் புஞ்சை 5 ஏக்கர், மழை 2 அங்குலம், ஆக மொத்தம் 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில அடிச்சா 80 லாரிக்கு மேல வரும். அம்புட்டும் அன்னைக்கு ஒன் வாசலுக்கு வந்துச்சு, வாடகை இல்லாம, டிரைவர் பேட்டா இல்லாம. வந்த தண்ணிய உள்ள விடாம மறிச்சு, ஓடைக்கு வழி காட்டி அனுப்பிட்டு, வானம் வஞ்சிச்சுருச்சுன்னு ஊர்வழி பொலம்புத. வானத்துக்கு மானநஷ்ட வழக்குப் போடத் தெரியாது. அது ஒன் அதிர்ஷ்டம்.

கோவப்படாத. மோரக் குடி.

ரோட்டவேட்டர் வாங்குன நாள்ல இருந்து ஒன் புஞ்சையப் பாக்க எனக்கே ஆசையாத்தான் இருக்கு. ஒரு கட்டி கெடையாது, ஒரு தட்டை கெடையாது, மருந்துக்கு ஒரு சருகு கெடையாது. ஓட்டி முடிச்சதும் செல்போன்ல படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வச்சயே, ஒங்க அத்தை பாத்துட்டு, "என்னங்க, மருமவன் புட்டுக்கு மாவு சலிச்சுப் பரப்பியிருக்கான்?"னு கேட்டா. இடியாப்பமா இருக்கும்னு நான் சொன்னேன். மாவு மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். அஞ்சு ஏக்கர் மாவு வச்சிருக்க ஒனக்குத்தான் தெரியல.

பெரிய மழைத்துளி ஒண்ணு, 5 மில்லிமீட்டர் பருமன்னு வச்சுக்கோ, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல வந்து விழுது. கட்டியும் கரடுமா இருக்க மண்ணுல விழுந்தா, கட்டி ஓரம் கொஞ்சம் கரையும், பள்ளத்துல தண்ணி தேங்கும், மெள்ள உள்ள எறங்கும். தூளாக் கெடக்க மண்ணுல விழுந்தா? தூள் தெறிச்சு, கலங்கலாகி, அந்தக் கலங்கல்ல இருக்க நுண்ணு மண்ணு பூரா, கீழ போற துளை ஒவ்வொண்ணோட வாயிலயும் போய் அடைச்சு உக்காந்துக்கிடும். மேட்டுல இருக்க ஒன் 2 ஏக்கர் செவல்ல கொஞ்ச நேர மழையிலயே ஒரு பூச்சு விழுந்துருச்சு. கனம் எம்புட்டு? ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். அந்த ரெண்டு மில்லி, கீழ இருக்க ரெண்டு முழ மண்ணையும் பூட்டிப்புடும். அதுக்குப் பெறகு விழுற சொட்டெல்லாம் சரிவு எந்தப் பக்கம்னு விசாரிச்சுக்கிட்டுக் கெளம்பிரும்.

அப்புறம் ரெண்டு நாள் வெயில். பூச்சு காஞ்சு பொருக்காகும். உளுந்து முளை அதை முட்டி முட்டி முதுகொடிஞ்சு கெடந்துச்சே, விதை வித்தவன நீ வஞ்சயே, அன்னைக்கு அந்தப் பொருக்க நகத்தால ஓரத்துல நெம்பி எடுத்துப் பாத்திருக்கணும். நான் பாத்தேன். மேல்முகம் வழவழன்னு, ஒரு துளை கெடையாது. திருப்புனா அடியில பொலபொலன்னு மண்ணு. பக்கத்துலயே விரலை விட்டுத் தோண்டுனேன். 2 அங்குல மழை பெஞ்ச மண்ணுல, நாலு விரக்கடைக்குக் கீழ புழுதி பறக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவயேன்னு மூடி வச்சுட்டு வந்துட்டேன்.

ஓடுன தண்ணியாவது வெறுங்கையோட போச்சா? ஒன் மேல்மண்ணையும் கூட்டிக்கிட்டுத்தான் போச்சு. ஓடை வழியா கம்மாயில போய்ப் படிஞ்சுது. சித்திரையில நீ என்ன பண்ணுன? வி.ஏ.ஓ. கிட்ட அடங்கல் வாங்கி, தாலுகா ஆபீஸ்ல மனுக் குடுத்து, கம்மாய் வண்டல் அள்ள அனுமதி வாங்கி, டீசல் போட்டு டிராக்டர்ல அள்ளிட்டு வந்து புஞ்சையில கொட்டுன. அது யாரு மண்ணு? பட்டா ஒன் பேருல, மண்ணு கம்மாயில. ஒன் மண்ணுக்கு நீயே மனுப்போட்டு வரிசையில நின்ன. இலவசமாக் குடுத்தாங்கன்னு சர்க்காருக்கு நன்றி வேற சொன்ன. அடுத்த ஐப்பசிக்கு அதைத் திரும்பவும் கம்மாய்க்கு அனுப்பி வச்சுருவ. நல்ல போக்குவரத்துத்தான்.

கீழ இருக்க 3 ஏக்கர் கரிசலுக்குக் கொணம் வேற. அது பங்குனி சித்திரையில வெடிச்சுக் கெடக்கும், கைய விட்டா முழங்கை வரைக்கும் போவும். முதல் மழை அந்த வெடிப்பு வழியா நேரா அடிக்குப் போயிரும், யாரையும் கேக்காது. ஆனா கரிசல் தண்ணியக் குடிச்சா உப்பும். உப்புனா வெடிப்பு மூடிக்கிடும். பெறகு கதையே மாறிரும். ஐதராபாத் பக்கத்துல படான்செருவுல இக்ரிசாட்னு மானாவாரிக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க அளந்து பாத்திருக்காக. முழுசா நனைஞ்ச கரிசல்ல தண்ணி எறங்குறது மணிக்குக் கால் மில்லிமீட்டர் கூட இல்ல. அப்போ அங்க அவசரப்படுத்தி ஒண்ணும் ஆவாது. தண்ணிய நிறுத்தி வைக்கணும், அது எறங்குற நேரத்துக்கு எறங்கிக்கிடும். சரிவுக்குக் குறுக்க சால் போடு, வயலச் சின்னச் சின்னப் பாத்தியாத் தடுத்து வை, கட்டியப் போட்டு ஒடைக்காதன்னு கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில காலங்காலமாச் சொல்லிட்டு இருக்காக. அது 1901ல ஆரம்பிச்ச பண்ணை. ஒங்க பாட்டன் காதுல விழுந்துச்சு, ஒங்கப்பன் காதுல விழுந்துச்சு. நீ என்னன்னா மேல இருந்து கீழ நேரா சால் இழுத்து வச்சிருக்க. ஏன்? டிராக்டரத் திருப்ப லேசா இருக்கு. தண்ணிக்கும் லேசாத்தான் இருக்கு.

ஒன் மாமனார் ஊரு ஸ்ரீவைகுண்டத்துல தாமிரபரணி நஞ்சை. அங்க தொளி கலக்குறதப் பாத்திருப்ப. தண்ணிய நிறுத்தி, மிதிச்சு, ஒழப்பி, மண்ணோட கட்டுக்கோப்பையே கொலைச்சு, துளை பூராவும் அடைச்சுப்புடுவாக. தண்ணி அடியில எறங்கக் கூடாதுன்னுதான் அம்புட்டுப் பாடும். நெல்லுக்குத் தேங்கி நிக்கணும்ல? நஞ்சைக்கு அது கெட்டிக்காரத்தனம். ஈரப்பதத்துல டிராக்டர எறக்கி ரோட்டவேட்டர்ல அரைக்கையே, நீ புஞ்சையில பண்ணுறது அதே வேலைதான், நெல்லு மட்டும்தான் இல்ல. மாமனார் வீட்டுல இருந்து எத எதையோ கொண்டாந்த, இத மட்டும் அங்கனயே விட்டுட்டு வந்திருக்கலாம்.

நம்பலயா? வா, பருத்திச் செடி ஒண்ணப் புடுங்கிப் பாப்போம்... வேண்டாம், நான் ஏற்கனவே புடுங்கிட்டு வந்து அந்தத் தூணோரம் சாத்தி வச்சிருக்கேன். எடு. ஆணிவேர் எங்கன போயிருக்குன்னு பாரு. நாலஞ்சு அங்குலம் நேரா எறங்கி, அங்கன ஒரு திருப்பம் திரும்பி, அப்படியே படுக்கையாப் போயிருக்கா? திரும்புன எடத்துல வேர் தடிச்சு முண்டு விழுந்திருக்கு பாரு. அந்த ஆழத்துலதான் ஒன் ரோட்டவேட்டர் கத்தி வருசா வருசம் போய் நிக்குது. அதுக்குக் கீழ மண்ண அது தேச்சுத் தேச்சு மெழுகிருச்சு, டிராக்டர் கனம் வேற அமுக்குது. மேல சொகமாத் தோணும், மெத்துமெத்துன்னு கால் பொதையும். அடியில வேருக்கும் வழி இல்ல, தண்ணிக்கும் வழி இல்ல. சின்ன மழைக்கே மேல நாலு அங்குலம் சொதசொதன்னு ஆகுது, ஒரு வாரம் காஞ்சா செடி வாடுது, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். உளிக்கலப்பை போட்டு, ஒரு முழத்துக்குச் சித்த மேல ஒரு கீறலா, ஒண்ணேகால் அடி ஆழத்துல, மூணு வருசத்துக்கு ஒருக்கக் கீறி விடச் சொல்லுதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க. கீறு. ஆனா காஞ்ச மண்ணுல கீறு, அப்பத்தான் அடித்தட்டு நொறுங்கும். ஈரத்துல கீறுனா வெண்ணெயக் கத்தி அறுத்த கதைதான், அந்தப் பக்கம் போனதும் ஒட்டிக்கிடும்.

இனிமேத்தான் முக்கியமான விசயம், தட்டை.

இதுல ஒரு வருசத்து வெளையாட்டு இல்ல நீ ஆடுனது. ஒரு வருசம் மக்காச்சோளத் தட்டைய எரிச்ச, ராத்திரி பூரா ஊரு இருமுச்சு. நான் வஞ்சேன்னு அடுத்த வருசம் மண்ணைப் புரட்டிப் போடுற கலப்பை வாடகைக்குக் கொண்டாந்து, மொத்தத் தட்டையையும் ஒரு சாண் ஆழத்துல வரிசையாப் பொதைச்ச. "மாமா, அடியில தட்டை இருந்தா தண்ணிய உறிஞ்சி வச்சுக்கிடும், செடி வேணுங்கும்போது குடிச்சுக்கிடும்"னு எனக்கு வகுப்பெடுத்த. நானும் ஆமா போட்டேன். அடுத்த வருசம் வெளைஞ்ச வெளைச்சல நீயும் மறந்திருக்க மாட்ட.

என் பேரன் கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில படிக்கான்ல, லீவுக்கு வந்தவன் செல்போன்ல ஒரு பழைய படம் போட்டுக் காட்டுனான். பாட்டு இல்ல, சண்டை இல்ல. அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல வால்டர் கார்ட்னர்னு ஒரு மண் வாத்தியாரு, 1950கள் கடைசியில எடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால மண்ண நெரப்பி, மேல ஒரு சால்ல தண்ணிய விட்டு, ஈரம் எப்படி நகருதுன்னு மணிக்கணக்கா எடுத்து நிமிசத்துல ஓட்டிக் காட்டுதாரு. நான் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாத்தேன். பேரனுக்கு அலுத்துப் போச்சு.

முதல்ல வெறும் மண்ணு. தண்ணி கீழ எறங்குதுன்னுதான நாம நெனைச்சுட்டு இருக்கோம்? அது கீழயும் போவுது, பக்கவாட்டுலயும் போவுது, காஞ்ச மண்ணு இருந்தா மேல கூட ஏறுது. அடுத்து, நடுவுல ஒரு படுகை பரும்மணல். மணல்னா சல்லுன்னு எறங்கிரும்னு நான் பேரன்கிட்டப் பந்தயம் கட்டப் பாத்தேன், நல்லவேளை அவன் காசு வச்சிருக்கல. ஈரம் மணலோட விளிம்பு வரைக்கும் வந்துச்சு. நின்னுருச்சு. மணலுக்குள்ள ஒரு சொட்டு போகல. விளிம்பு ஓரமாவே பக்கவாட்டுல பரவிட்டுப் போவுது. மேல இருக்க மண்ணு ஊறி ஊறி இதுக்கு மேல தாங்காதுன்னு ஆன பெறகுதான் ஒரு எடத்துல ஒடைச்சுக்கிட்டுக் கீழ எறங்குச்சு. மணலுக்குப் பதிலா வைக்கோலப் படுகையா வச்சுக் காட்டுறாரு. அதே கதைதான். அடியில இருக்க மண்ணு காஞ்சு கெடக்கு, மேல இருக்க மண்ணு ஊறிக் கெடக்கு, நடுவுல வைக்கோல்.

காரணம் ரொம்பச் சின்னது. மண்ணுல நுண்ணு நுண்ணாத் துளை. துளை எம்புட்டுக்குச் சின்னதோ அம்புட்டுக்குத் தண்ணிய இறுக்கிப் புடிச்சுக்கிடும். பெரிய சந்துக்கு இழுக்குற சத்து கெடையாது. சின்னத் துளை விடாது, பெரிய சந்து வாங்காது. மேல மண்ணு நெறஞ்சு வழிஞ்சாத்தான் சந்துக்குள்ள தண்ணி விழும். நீ ஒரு சாண் ஆழத்துல தட்டையப் படுகையாப் போட்டு, அடிமண்ணுக்கும் மேல்மண்ணுக்கும் நடுவுல பாகப்பிரிவினை பண்ணி வச்சுட்ட. மழைத் தண்ணி அடிக்குப் போகல. அடியில இருந்த பழைய ஈரமும் மேல வரல. செடி நடுவுல நின்னு முழிச்சுது.

இதே சட்டத்த வச்சுத்தான் ஒங்க பாட்டன் கோடை உழவு உழுதான். கோடை மழை பெஞ்சதும் ஒரு உழவு. மேல ஒரு சாண் மண்ணு பொலபொலன்னு காஞ்சு, சந்து சந்தாக் கெடக்கும். கீழ இருக்க ஈரம் நுண்ணு துளை வழியா ஏறி வரும், அந்தக் காஞ்ச படுகையத் தொட்டதும் நின்னுரும். வெயில் அதைக் குடிக்க முடியாது. கரிசல்ல வெடிப்பும் மூடிரும், வெடிப்பு வழியாப் போற ஈரமும் மிச்சம். வள்ளுவரு ஒரு பலம் புழுதிய கால் பலமாக் காய விடச் சொல்லுதாரே, அந்த மனுசனுக்குப் புழுதியோட மதிப்பு தெரிஞ்சிருக்கு. ஒரே சட்டம்தான் மருமவனே. பாட்டன் அதை மூடியா வச்சான், நீ அதையே தொண்டையில வச்சு அடைச்ச.

அப்போ தட்டைய என்ன செய்யன்னு கேக்க. மேல போடு. அம்புட்டுதான். நறுக்கிப் பரப்பி விடு, இல்ல நட்ட கட்டையா நிக்கட்டும். மழைத்துளியோட வேகம் தட்டை மேல விழுந்து செத்துப் போவும், தண்ணி மண்ணுக்குச் சத்தமில்லாமச் சொட்டும், பூச்சு விழாது. ஓடப் பாக்குற தண்ணி தட்டையில முட்டி முட்டி நிக்கும். நிக்குற நேரமெல்லாம் எறங்குற நேரம். வெயிலும் நேரா மண்ணத் தொடாது. மூடாக்கு, மூடாக்குன்னு நம்மாழ்வார் ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரிஞ்சாரே, 1960கள்ல அவரு நம்ம கோவில்பட்டிப் பண்ணையில வேலை பாத்தவருதான். அந்த வேலைய உதறிட்டுப் போன மனுசன். நீ அவரு படத்த வீட்டுல மாட்டி வச்சிருக்க, வாசல்ல தட்டைய எரிக்க.

"கரையான் தின்னுருமே மாமா"ங்கிறயா? தின்னட்டும். ஒன் வீட்டு நெலைக்கதவத் தின்னாத்தான் கவலப்படணும். கரையானும் நாக்குப்பூச்சியும் மேல கெடக்கத் தீனிய எடுக்க வந்து போற வழிதான் தண்ணிக்கு வழி. ரத்தக் குழாயில ரத்தம் எப்படி ஓடுதுன்னு ஆராய்ஞ்ச புவாசேன்னு ஒரு பிரெஞ்சு வைத்தியரு 1840கள்ல ஒரு கணக்குக் கண்டுபிடிச்சாரு. குழாய் ரெண்டு மடங்கு அகலமானா, ஓடுற அளவு ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு. மண்ணுக்கும் அதே கணக்குத்தான். பென்சில் கனத்துல ஒரு நாக்குப்பூச்சிப் பொந்து, மேல வாய் தொறந்து அடி வரைக்கும் போச்சுன்னா, மழை கொட்டி மேல தேங்குற நேரத்துல அது இழுக்குற தண்ணிய ஆயிரக்கணக்கான நுண்ணு துளை சேந்தாலும் இழுக்க முடியாது. வாய் தொறந்திருக்கணும், அதுதான் விசயம். தட்டை மேல இருந்தா அந்த வாய் அடைபடாது. ரோட்டவேட்டர் ஒரு ஓட்டுல அம்புட்டுப் பொந்தையும் நாலு அங்குலத்துல வெட்டி, வாயில மண்ணப் போட்டு மூடிரும். அந்தப் பூச்சிகளும் கத்தியில மாட்டிரும். ஒன் பின்னாலயே கொக்கு வரிசையா வந்துச்சே, ஏன்னு நெனைச்ச? ஒன் அழகப் பாக்கவா?

அதுக்காக உழவே வேண்டாம்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்லுதாருன்னு கெளம்பிராத. நீ அப்படித்தான், இந்தக் கோடிக்கு இல்லேன்னா அந்தக் கோடிக்கு. படான்செருவுலயே செவல்ல பாத்திருக்காக. உழாமலும் விட்டு, மேல ஒண்ணும் போடாமலும் விட்டா, பொருக்குத் தட்டித் தண்ணி கூடுதலாத்தான் ஓடுது. உழுதா முதல் ஓரிரு மழைக்கு நல்லா எறங்குது, பெறகு மண்ணு அமுங்கிப் பழைய கதைக்கே வந்துருது. வைக்கோல் மேல கெடந்த நெலத்துலதான் ஓட்டம் நல்லாக் கொறஞ்சு நின்னிருக்கு. உழவு ரெண்டு மழைக்குத் தாங்கும், மூடாக்கு பருவம் பூராத் தாங்கும். ரெண்டுல எதையும் பண்ணாதவனுக்கு ரெண்டுமே இல்ல.

இன்னொண்ணு. மூடாக்கு போட்டா மழையே வேண்டாம்னும் நெனைச்சுராத. நாலு மில்லி தூத்தல் போட்டா அதைச் சருகே குடிச்சுரும், மண்ணுக்கு ஒண்ணும் சேராது. ரெண்டு மாசம் ஒரேயடியாக் காஞ்சா மூடாக்குக்குக் கீழயும் ஈரம் மெள்ள மெள்ளப் போயிரும். மழைக்கும் மழைக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு நாள் தள்ளிக் குடுக்கும், அம்புட்டுதான். நம்ம ஊருல பயிர் பொழைக்குறதும் சாவுறதும் அந்தப் பதினஞ்சு நாளுலதான்ங்கிறது வேற விசயம். மக்காச்சோளத் தட்டைய மண்ணோட கலந்தா முதல்ல பயிர் மஞ்சளா நிக்கும். தட்டைய மக்க வைக்குற நுண்ணுயிர் தழைச்சத்த எடுத்துக்கிடும், நீ பூச்சி மருந்துக் கடைக்கு ஓடாத. பருத்திமார மட்டும் போட்டு வைக்காத. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதுல குடியிருக்கும், காய் ஓய்ஞ்சதும் மாரப் புடுங்கி அப்புறப்படுத்திரணும். மக்காச்சோளத்துக்கும் 2018ல இருந்து படைப்புழு வந்துருச்சு, அதோட கூட்டுப்புழு மண்ணுக்குள்ள கெடக்கும், கோடையில ஒரு உழவு போட்டா வெயிலும் கொக்கும் பாத்துக்கிடும். ஒரு உழவுன்னேன், நாலு இல்ல. ஒம்பது கொத்துக் கலப்பை போதும், ரோட்டவேட்டர் வேண்டாம். தட்டை பாதிக்கு மேல மேலாப்புலயே கெடக்கணும்.

நான் சொன்னத அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு எண்ணெய் டின்ன எடுத்து, ரெண்டு பக்கமும் வெட்டிட்டு, மேல பலகை வச்சு அடிச்சு, மண்ணுல மூணு விரக்கடை எறக்கு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்து. எறங்கி முடிச்சதும் இன்னொரு சொம்பு ஊத்து, ரெண்டாவது சொம்புக்குத்தான் நேரம் பாக்கணும், முதல் சொம்பு காஞ்ச மண்ணோட தாகத்துக்குப் போயிரும். இதை ஒன் மேட்டுச் செவல் நடுவுல ஒருக்க பண்ணு. அதே புஞ்சையில வடக்கு வேலியோரம் வாகை மரத்தடியில, கலப்பை போகாத எடத்துல, சருகு கெடக்குற எடத்துல ஒருக்க பண்ணு. ஒரே மண்ணு, ஒரே பட்டா. நடுப்புஞ்சையில சொம்பு எறங்குறதுக்குள்ள நீ டீக்கடைக்குப் போய் இன்னொரு பிரசங்கம் முடிச்சுட்டு வரலாம். வேலியோரத்துல நீ கடிகாரத்தப் பாத்துட்டுத் திரும்புறதுக்குள்ள டின்னு காலி.

சரி, இந்த வருசத்துக்கு வழியச் சொல்லுதேன், கேட்டுக்கோ. மேட்டு 2 ஏக்கருக்கு மக்காச்சோளத் தட்டைய நறுக்கிப் பரப்பு, தீக்குச்சியோட அந்தப் பக்கம் போகாத. எடையன் வந்து கிடை போடக் கேப்பான், போடச் சொல்லு. ஆடு இலையத் தின்னும், தண்ட விட்டுரும், புழுக்கையும் மூத்திரமும் ஒனக்குத்தான். ஆனா மழை பெஞ்சு மண்ணு ஈரமா இருக்கும்போது கிடையக் கட்ட விடாத, குளம்பு அமுக்குறதும் அமுக்குறதுதான். கரிசலுக்குக் குறுக்குச் சால் போடு, டிராக்டர் திரும்பக் கஷ்டமா இருந்தா எறங்கித் தள்ளு.

ஓடைப்பக்கம் நாட்டுச்சோளம் போட்டு அறுத்தயே, அந்தத் தட்டைப் படப்ப மட்டும் மண்ணுல பரப்பிப் பாழாக்கிராத. மக்காச்சோளத் தட்டை மொரடு, மாடு மோந்து பாத்துட்டுப் போயிரும், அது மண்ணுக்குத்தான் லாயக்கு. சோளத்தட்டை அப்படி இல்ல, மாட்டுக்குத் தோதான தீனி. ஒனக்குத்தான் மாடே கெடையாதே? நாளைக்குக் காலையில வண்டிய அனுப்புதேன், ஆள் நின்னு ஏத்தி விட்டுரு. வெலையெல்லாம் பேசாத, இம்புட்டு நேரம் சொன்னதுக்கு நான் உன்கிட்ட ஃபீஸா கேட்டேன்? என்ன சிரிக்க? சாணி வேணும்னா வந்து அள்ளிக்கோ. டிராக்டர் ஒன்னுது, டீசலும் ஒன்னுது.